முதுகுக்கு மதிப்பெண் போட்டவர்

குவாத் பெரியப்பா ஏழாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் உயிரோடு இருந்தவரை எங்கள் ஊரில் ஒருவரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எத்தனையோ பிள்ளைகளுக்கு முதுகுவலியாவது மிச்சமாகியிருக்கும்.

எங்கள் ஊர் லாம் ஆற்றங்கரையில் இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் ஃபான் வம்சம். அதனால் யாரைப் பார்த்தாலும் பெரியப்பா, சித்தப்பா, அத்தைதான். நிலம் வெறும் மணல். மழைக்காலத்தில் வெள்ளம், மற்ற நாட்களில் லாவோஸ் மலையிலிருந்து இறங்கும் அனல் காற்று. பிள்ளைகளைப் படிக்கவைத்து வெளியே அனுப்பினால்தான் விமோசனம் என்று ஊரே நம்பியது. அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். அதைக் கொண்டுபோய்க் குவாத் பெரியப்பா கையில் கொடுத்தார்களே, அதைத்தான் குறை சொல்வேன்.

அவர் கூட்டுறவுச் சங்கத்தின் உரக் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் காவல் இருந்தவர். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. மூட்டைகள் நேராக நிற்கின்றனவா, ஒன்றின்மேல் ஒன்று ஒழுங்காக அடுக்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள். சங்கம் கலைந்தது, கிடங்கு பூட்டப்பட்டது, மனிதர் வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டினார். அதிகாரம் செய்து பழகியவன் சும்மா இருந்தால் ஊருக்குத்தான் ஆபத்து. படிப்பு ஊக்குவிப்புச் சங்கம் என்று எல்லா ஊரிலும் ஒரு கிளை உண்டு. எங்கள் ஊர்க் கிளைக்குத் தலைவராக வர யாருக்கும் நேரமில்லை. அவருக்கு இருந்தது.

பண்பாட்டு மன்றத்து வாசலில் யுத்தகாலத்துக் குண்டு ஒன்றின் காலி ஓடு தொங்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு அதை இரும்புத் தடியால் இருபத்தோரு முறை அடிப்பார்கள். அடித்தவுடன் வீடுகளில் டிவியை அணைக்கவேண்டும், பாட்டுக் கச்சேரி கூடாது, அடுத்த வீட்டுக்கு வம்பளக்கப் போகக் கூடாது. பிள்ளைகள் ஒன்பது மணிவரை படிக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் இந்த வழக்கம் உண்டு. மற்ற ஊர்களில் அடித்தவர் தடியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். எங்கள் ஊர்க்காரர் சைக்கிளில் ஏறினார்.

ஒரு கையில் டார்ச், கூடையில் பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு. உரக் கிடங்கில் மிஞ்சிப்போன இருப்பு நோட்டு அது. 'உரத்தின் பெயர், மூட்டை, எடை, ஈரம், ஓட்டை' என்று அச்சடித்திருந்த தலைப்புகளை அடித்துவிட்டு 'விளக்கு, மேசை, முதுகு, புத்தகம், சத்தம்' என்று எழுதியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். விளக்கு எரிகிறதா, தனி மேசை இருக்கிறதா, முதுகு நேராக இருக்கிறதா, புத்தகம் திறந்திருக்கிறதா, வாய்விட்டுப் படிக்கும் சத்தம் வருகிறதா. வீட்டுக்குள் வரமாட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று டார்ச் அடித்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். என்ன படிக்கிறாய் என்று ஒரு பிள்ளையிடமும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் பதிலைப் புரிந்துகொள்ளவேண்டுமே!

பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. எந்தக் காரியத்துக்கு மதிப்பெண்ணோ அந்தக் காரியத்தில் தேறினார்கள். சைக்கிள் சங்கிலியின் கறகறப்பு இரண்டு வீடு தள்ளிக் கேட்கும்போதே எல்லாருக்கும் முதுகு நிமிரும். ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள், ஒரே மேசை. சைக்கிள் வருவதற்குள் பெரியவன் உட்கார்ந்து 'ஆ... ஊ...' என்று எதையோ இழுப்பான், சைக்கிள் போனதும் எல்லாரும் சீட்டாடப் போவார்கள். என் வகுப்பில் கியெம் என்று ஒருத்தன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டான். மூன்று வருடம் தொடர்ந்து பத்துக்குப் பத்து.

ஏமாற்றத் தெரியாதவன் ஒருவன்தான் இருந்தான். அது அவருடைய சொந்த மகன் ஹியென்.

ஹியென் என் வயது. ஒரே வகுப்பு, ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. முதல் வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து அவன் ஏழு மணிக்கு மேசைமுன் உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருப்பான். புத்தகத்தைத் திறப்பான், பார்ப்பான், வாய் அசையும். அவ்வளவுதான். குவாத் பெரியப்பா ஊரைச் சுற்றிக்கொண்டு வரும்போது சொந்த வீட்டு வாசலிலும் சைக்கிளை நிறுத்துவார். வெளியே நின்று தன் மகன்மேல் டார்ச் அடிப்பார். பெரியம்மா ஒரு முறை உள்ளேயிருந்து கத்தியது எங்கள் வீட்டுக்கே கேட்டது.

"கொசுக்கடில அங்க நின்னு என்னத்தப் பாக்குறீங்க? உள்ள வந்து பாத்தா கண்ணு அவிஞ்சா போயிடும்?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்டி. என் வீடுன்னு சலுகை கெடையாது."

பத்து போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். மகன் தலைக்குள் என்ன போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பரீட்சையில் அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பான். நான் முழங்கையை நகர்த்தித் தாளைக் காட்டுவேன், அவன் எழுதிக்கொள்வான். இரக்கத்தினால் காட்டவில்லை. 'பொறுக்கிக்கோ' என்கிற இளக்காரத்தில்தான் காட்டினேன். அப்படித்தான் அவன் வகுப்புக்கு வகுப்பு தாண்டி வந்தான். ஊரோ அதை மணிச்சத்தத்தின் மகிமை என்று நினைத்தது.

எங்கள் வீட்டுக் கதை வேறு. அம்மா டோஃபு செய்து சந்தையில் விற்பவள். மத்தியானம் ஊறப்போட்ட சோயாவைச் சாயங்காலம் ஏழு மணிக்குக் கல் திருகையில் அரைக்க ஆரம்பித்தால்தான் காய்ச்சி, வடிகட்டி, உறையவைத்துக் கட்டி, விடிகாலைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியும். திருகையைச் சுற்றுவது நான். பக்கத்தில் உட்கார்ந்து சோயாவை அள்ளிப் போடுவது அம்மா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் அவள்.

"ஏய், வாயத் தொறந்து எதாச்சும் சொல்லுடி. இந்தக் கல்லுச் சத்தத்துல தூக்கம் தூக்கமா வருது" என்பாள்.

எனக்குச் சொல்ல வேறு என்ன இருக்கிறது? அன்று பள்ளியில் நடந்த பாடத்தைச் சொல்வேன். அம்மா சும்மா கேட்கிற ரகம் இல்லை. "ஏன் அப்படி?" என்பாள். "இரு, இரு. மொதல்ல ஒண்ணு சொன்ன, இப்ப வேற ஒண்ணு சொல்ற. என்ன கேனச்சின்னு நெனச்சியா?" என்பாள். சொல்லத் திணறினால் கையைத் துடைத்துக்கொண்டு அரிசிப் பானைமேல் இருக்கும் புத்தகத்தை எடுத்துப் பார்த்து, மூடிவைத்துவிட்டு மறுபடி சொல்வேன். அவளுக்குப் புரிகிறவரை விடமாட்டாள். புரிந்துவிட்டால், "இதுக்குப் போயா இத்தன பக்கம்?" என்று உதட்டைப் பிதுக்குவாள். நான் படித்தது இப்படித்தான்.

அதுவரை எங்கள் வீட்டு முன் ஜன்னலின் இருட்டைப் பார்த்து 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போன குவாத் பெரியப்பா, நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பின்பக்கம் வந்து சமையற்கட்டு ஜன்னலில் டார்ச் அடித்தார்.

"லுவா, மணி அடிச்சது காதுல விழல?"

"விழுந்துச்சு பெரியப்பா."

"மேசை எங்க?"

"மேசை இல்ல பெரியப்பா."

"புஸ்தகம்?"

"அதோ, பானை மேல."

"மூடியில்ல இருக்கு!"

"பாத்துட்டு மூடிட்டேன். இப்ப அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "பரீட்ச எழுதப்போறது உங்கம்மாவா?"

"விட்டா நீங்க எழுத வெச்சிருவீங்க" என்றாள் அம்மா. "வெளிச்சத்தக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க. பால்ல பூச்சி விழுது."

அவர் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். விளக்கு: அடுப்பு வெளிச்சம். மேசை: இல்லை. முதுகு: கூன். புத்தகம்: மூடியது. சத்தம்: திருகை. மொத்தம் சைபர்.

என் படிப்புப் பழக்கத்தைச் சீர்திருத்துவதற்காக மறு வாரமே பன்னிரண்டு கட்டளைகள் எழுதிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டுப் போனார். 'படிக்கும்போது பேசாதே' என்பது நான்காவது கட்டளை. மூன்றாம் நாள் ஆவியில் பசை விட்டுத் தாள் பால்சட்டியில் விழுந்தது. அம்மா அதை எடுத்து உதறிக் கோழிக்கூண்டுக்குள் விரித்தாள்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஊர் ஒலிபெருக்கி என்று ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், நெற்பயிரில் பூச்சி விழுந்த செய்திக்கும் தடுப்பூசிச் செய்திக்கும் நடுவே, குவாத் பெரியப்பா அந்த வாரம் மோசமான வீடுகளின் பெயரை வாசிப்பார். எங்கள் வீட்டுப் பெயர் வாரம் தவறாமல் வந்தது. அப்பா கொத்தனார். வேலை முடிந்து நாலு பேரோடு குடிக்க உட்கார்ந்தால், "உன் பொண்ணு இந்த வாரமும் முட்டையாமே? டோஃபுக்குத் தொட்டுக்கவா?" என்று கேட்பார்கள். அவர் பாதிக் குடியில் எழுந்து வந்துவிடுவார்.

நான் பள்ளி மதிப்பெண் அட்டையைக் காட்டினேன். வகுப்பில் மூன்றாவது.

"இது ஒரு காயிதம்" என்றார் அப்பா. "இத யாரு பாக்குறா? அங்க ஊரே கேக்குது."

"நான் படிக்கிறேன்பா."

"படிக்கிறவளாயிருந்தா ஏன் சைபர் போடறாரு? அவரு என்ன உனக்கு எதிரியா? சொந்தப் பெரியப்பா."

சைகோன் பக்கத்தில் ஒரு சிறு தையல் பட்டறையில் அம்மாவின் தங்கை சென் சித்தி வேலை பார்த்தாள். வருடப் பிறப்பான தெத் பண்டிகைக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு ஆள் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று சொல்லியிருந்தாள். அப்பா எனக்கு ஒரு கெடு வைத்தார். வருடக் கடைசி ஊர்க்கூட்டத்தில் மோசமானவர்கள் பட்டியலை வாசிப்பார்கள். அதில் என் பெயர் வந்தால் பண்டிகை முடிந்ததும் நான் சித்தியோடு பஸ் ஏறவேண்டும். பத்தாம் வகுப்பு நுழைவுத் தேர்வும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

பயந்துபோய் ஒரு வாரம் நானும் நேராக உட்கார்ந்து பார்த்தேன். பழைய கதவுப் பலகையை இரண்டு பெட்டிகள்மேல் போட்டு மேசையாக்கி, விளக்கை வைத்து, புத்தகத்தைத் திறந்து, 'ஆ ஊ' என்று இழுத்தேன். எட்டு மதிப்பெண் கிடைத்தது. அந்த வாரம் அம்மா தனியாக அரைத்து, தனியாகக் காய்ச்சி, சந்தைக்குப் பிந்திப் போய்ப் பாதிச் சரக்கைத் திருப்பிக்கொண்டு வந்தாள். எனக்கும் வகுப்பில் தியெப் டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. பக்கம் பக்கமாகப் பார்த்தது நினைவிருக்கிறது. பார்த்தது என்ன என்றுதான் நினைவில்லை. பலகையைக் கழற்றி வைத்துவிட்டுத் திருகைக்குப் போனேன். இதுதான் முடிவு என்றால் படித்துவிட்டாவது போகிறேன் என்கிற வீம்பு.

கூட்டம் பண்பாட்டு மன்றத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், பச்சைத் தேயிலைக் கஷாயம், கடலை மிட்டாய். எங்கள் ஊருக்குப் 'படிப்பை நேசிக்கும் ஊர்' என்ற பட்டுக் கொடியைக் கொடுக்க மேலதிகாரிகள் இருவர் வந்திருந்தார்கள். தியெப் டீச்சரும் இருந்தார். குவாத் பெரியப்பா கோட்டு போட்டுக்கொண்டு மைக்கில் ஊதிப் பார்த்தார். இந்த வருடம் ஊரின் மொத்தப் படிப்பு நேரம் எத்தனை ஆயிரம் மணி என்று சொன்னார், கைதட்டினார்கள். ஒன்பது வருடம் ஒரு நாள் தவறாமல் பத்துக்குப் பத்து வாங்கிய முன்மாதிரி மாணவன் ஃபான் ஹியென் என்றார், கைதட்டினார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்ல வருத்தமாத்தான் இருக்கு. ஆனா கடமை. ஃபான் லுவா. வருஷம் முழுக்கச் சராசரி, சைபர் புள்ளி நாலு."

சிரிப்பு வந்தது. அப்பா தரையைப் பார்த்தார். பிறகு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த சித்தியிடம், எல்லாருக்கும் கேட்கிறமாதிரியே, "பஸ்ல சீட்டு போட்டுரு சென்" என்றார்.

நான் எழுந்தேன்.

"பெரியப்பா, நீங்க என் முதுகத்தான பாத்தீங்க? படிச்சேனான்னு பாக்கலையே. கேள்வி கேட்டுப் பாருங்க."

"உக்காரு. பெரியவங்க கூட்டம் இது."

"நீங்க கேக்க வேணாம்னா, ஹியென் கேக்கட்டும். நானும் அவன கேக்குறேன். ரெண்டு பேரும் புஸ்தகத்த மூடிட்டு. யாரு படிச்சாங்கன்னு ஊரு பாக்கட்டும்."

இந்த இடத்தில் அவர் மறுத்திருக்கலாம். வேறு எந்த மோசடிக்காரனாக இருந்தாலும் மறுத்திருப்பான். ஆனால் குவாத் பெரியப்பா மோசடிக்காரர் இல்லை. அதுதான் அவரைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிக மோசமான விஷயம். தன் நோட்டை அவரே மனசார நம்பினார். ஒன்பது வருடத்துப் பத்துகள் மகன் மண்டைக்குள் மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பதாகவே நினைத்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"வாடா ஹியென், மேல வா! அதிகாரிங்களும் பாக்கட்டும். கேளுமா, கேளு. எவ்வளவு கஷ்டமா வேணும்னாலும் கேளு."

ஹியென் மேடையில் ஏறி நின்றான், நேராக. என்னைப் பார்த்தான். வகுப்பில் பார்ப்பது போலத்தான் பார்த்தான், நான் எதையாவது நகர்த்திக் காட்டுவேன் என்பது போல.

"ஒரு வட்டம். அதோட விட்டத்து ரெண்டு முனையிலேருந்தும் கோடு இழுத்து வட்டத்து மேலேயே ஒரு புள்ளில சேத்தா, அந்தக் கோணம் எவ்வளவு?"

அவன் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சரி விடு. ரெண்டு பல்ப ஒரே கம்பில ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மாட்டுறோம். ஒண்ணு ஃபியூஸ் போச்சுன்னா இன்னொண்ணு எரியுமா?"

ஹியென் தலைக்குமேல் எரிந்த பல்பை அண்ணாந்து பார்த்தான்.

"யோசிச்சு சொல்லுடா, அவசரமில்ல" என்றார் குவாத் பெரியப்பா. இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். ஊருக்குப் புரிந்துவிட்டது. டீச்சர் என் பக்கம் பார்த்துத் தலையைக்கூட ஆட்டினார். ஆனால் எனக்கு அந்த இருபத்தோரு அடிக்கும், அந்த ஒலிபெருக்கிக்கும், அந்தச் சைபர் புள்ளி நாலுக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. நான் தினமும் அவர்கள் வீட்டுக்குப் போய் ஜன்னல் வழியாக டோஃபு கொடுக்கிறவள். அவன் மேசையில் ஒரு மாதமாக எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"சுலபமாவே கேக்குறேன். உன் மேசைல இப்ப தொறந்து வெச்சிருக்கியே பௌதிகப் புஸ்தகம், அந்தப் பக்கத்துல என்ன இருக்கு?"

அவன் முகம் தெளிந்தது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியும்.

"பக்கம் நாப்பத்தேழு" என்றான்.

மன்றம் இடிந்து விழுந்துவிடும் போலச் சிரித்தார்கள். தினமும் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிற கியெம்கூடச் சிரித்தான்.

"நீ கேளுடா அவள! கேளு!" என்றார் குவாத் பெரியப்பா.

"என்னப்பா கேக்கணும்?" என்றான் ஹியென்.

தியெப் டீச்சர் எழுந்து, பல்புக் கேள்விக்கு என்னையே பதில் சொல்லச் சொன்னார். நான் சந்தைக் கடைகளில் தொங்கும் விளக்குகளை வைத்துச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து அம்மா, "எரியாதுன்னு சொல்லிட்ட, ஏன்னு சொன்னியா?" என்று குரல் கொடுத்தாள். ஒரே கம்பி, நடுவில் ஒரு இடத்தில் அறுந்தால் கரண்ட்டு போக வேறு வழியில்லை என்று அதையும் சொன்னேன். அதிகாரிகளில் ஒருவர் பாராட்டினார். பிறகு, ஊரின் மொத்த மணிக்கணக்கு சரியாகவே இருப்பதால், பட்டுக் கொடியையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா என்னைப் பாராட்டவில்லை. மகள் சொன்னது ஒன்றும் அவருக்குப் புரியவில்லை. ஊர் சிரித்தது அவளைப் பார்த்து இல்லை என்பது மட்டும் புரிந்தது. சித்தி பக்கம் திரும்பி, "சீட்டு வேணாம். கேன்சல் பண்ணிரு" என்றார்.

"பண்ணாத" என்றது மைக்கில் ஒரு குரல். குவாத் பெரியப்பா மைக்கை அணைக்க மறந்திருந்தார். "அந்த சீட்டுல என் பையன் வருவான்."

பெரியம்மா ஓடிவந்து அவர் கோட்டைப் பிடித்தாள். "இன்னும் அஞ்சு மாசத்துல ஒம்பதாவது முடிச்சிருவானே. அஞ்சே மாசம்."

டீச்சரும் சொன்னார். "அவன் மேல தப்பு இல்லைங்க. இப்ப ஆரம்பிச்சாக்கூட நான் சொல்லித்தரேன்."

"ஒம்பது வருஷம் உக்காந்தும் ஏறாதது அஞ்சு மாசத்துல ஏறிருமா?" என்றார் அவர். "படிப்புக்கு வேண்டியது எல்லாம் நான் குடுத்தாச்சு. மேசை குடுத்தேன், விளக்கு குடுத்தேன். இவன் மண்டை சரியில்ல."

நோட்டு சரியில்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பண்டிகை முடிந்த எட்டாம் நாள் ஹியென் பஸ் ஏறினான். அன்றைக்கும் ஏழு மணிக்கு இருபத்தோரு அடி விழுந்தது, சைக்கிள் கிளம்பியது.

எங்கள் வீட்டுக்கு அப்பா வீம்புக்கு ஒரு மேசை செய்துகொண்டு வந்தார். சைக்கிள் சங்கிலி கேட்டால் நான் அதில் போய் உட்காருவேன். போனதும் எழுந்து திருகைக்கு வருவேன். குவாத் பெரியப்பா தவறாமல் பத்து போட்டார். ஜூன் மாதம் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். மணிச்சத்தத்தின் வெற்றி என்று அதையும் ஒலிபெருக்கியில் வாசித்தார் மனிதர். வெட்கம் என்பதை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்றே தெரியாதவர். இலையுதிர் காலத்தில் இன்னொரு செய்தி வாசித்தார். சைகோனில் ஃபான் ஹியென் பட்டறையின் சிறந்த தொழிலாளி ஆகிவிட்டான். பத்து மணி நேரம் தலை நிமிராமல், முதுகு வளையாமல் மெஷின்முன் உட்காருகிறானாம். சின்ன வயதிலிருந்தே நல்ல பழக்கம் ஊட்டினால் எங்கே போனாலும் பிள்ளைகள் முன்னுக்கு வருவார்கள் என்று முடித்தார். அம்மா சந்தைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தூ" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்த தெத் பண்டிகைக்கு ஹியென் ஊருக்கு வந்தான். வீடு வீடாக வாழ்த்துச் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுக்கும் வந்தான். அம்மா அவனைச் சமையற்கட்டுக்குள்ளேயே கூப்பிட்டு, முக்காலி போட்டு, சூடான டோஃபுவும் மீன் சாறும் வைத்துவிட்டு வெளியே வந்தவர்களைக் கவனிக்கப் போனாள். முக்காலியிலும் அவன் நேராகத்தான் உட்கார்ந்தான். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

"பத்தாவது கஷ்டமா?" என்று கேட்டான்.

"பரவாயில்ல."

"அந்தப் பல்ப் கேள்வி கேட்டியே."

சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன்.

"மெஷின் ஓட்டும்போதெல்லாம் அதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. பட்டறைல ஒரு நாள் ஒரு பல்ப் போச்சு, மத்ததெல்லாம் எரிஞ்சுது. அப்ப நீ கேட்டது தப்பான்னு யோசிச்சேன். கரண்ட்டு ரிப்பேருக்கு வந்தவன்கிட்ட கேட்டேன். இங்க ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கம்பின்னான். நீ ஒரே கம்பின்னு சொன்ன. எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு லுவா." அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. "மத்தியானச் சோறுகூட எறங்கல, அவ்வளவு சந்தோசம். ஒருத்தர் ஒண்ணு கேட்டா மண்டைக்குள்ள அது இப்படிச் சுத்தும்னு எனக்குத் தெரியவே தெரியாது. அதுக்கு முன்னால என்ன யாருமே எதுவும் கேட்டதில்லையே."

டோஃபுவை மெல்ல மென்று விழுங்கினான்.

"நாலு வருஷம் பக்கத்துலயேதான உக்காந்திருந்த. ஒரு தடவ நீயாச்சும் கேட்டிருக்கலாம்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவன் அப்பாவைத் திட்டித் தப்பித்திருப்பேன். அவன் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குப் பதில் தெரியும். 'பொறுக்கிக்கோ' என்று தாளைக் காட்டுகிறவள் கேள்வி கேட்கமாட்டாள். அதைச் சொல்லாமல் அவன் தட்டில் இன்னொரு துண்டு டோஃபு வைத்தேன்.